மூன்றாம் கட்டத்துக் கொக்கி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு: "இது ஒரிஜினல் மாதிரியே இருக்கா?" முதல் வாரத்திலேயே "இருக்கு" என்று சொல்லப் பழகிவிடுவீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று என்னை யோசிக்க வைத்தவர், மர்பி டவுனில் பியூட்டி பார்லர் நடத்தும் அமுதா. எமுலேட்டர் என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டதில்லை. என் ஒரு புருவம் திருத்தப்பட்டு, மற்றொன்று திருத்தப்படாமல் இருந்த நிலையில் இந்தக் கதை தொடங்குகிறது.

தொம்மலூரில் நம் அலுவலகத்தில் அப்போது ஒரு பழைய கேமைத் தயார் செய்துகொண்டிருந்தோம். ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த வீடியோ கேம் அரங்கத்துக்காக. அந்தக் காலத்தில் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவார்களே, அந்தப் பெட்டிகளில் ஓடிய கேம். பெட்டிக்குள் இருந்த சில்லுகள் என்ன செய்தனவோ அதை அப்படியே இன்றைய கணினியைச் செய்ய வைப்பது நம் தொழில். அப்படிச் செய்ய வைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். ஒரு கேம் வெளியே போகலாமா கூடாதா என்று கடைசியாகச் சொல்வது என் பொறுப்பு.

ஒரு சனிக்கிழமை புருவம் திருத்திக்கொள்ள அமுதாவின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அமுதா வாயும் கையும் சேர்ந்து ஓடும் பெண்மணி. நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும்போதே பேசக்கூடியவர்.

"ஆபீஸ்ல என்னா வேலை மேடம் உங்களுக்கு?"

"பழைய வீடியோ கேம புதுசா ஓட வெக்கிறோம். இப்போ ஒண்ணு பண்றோம். ஒரு தபால்காரர் மாடிக்கு மாடி தாவிப் போய் பார்சல் குடுப்பார்."

நூல் நின்றது.

"மூணாவதுல கிரேன் வருமா?"

"வரும்."

"அதோட கொக்கியப் புடிச்சித் தொங்கினு அந்தாண்ட மாடிக்குப் போணும்?"

"ஆமாம். உங்களுக்கு எப்படி…"

"மேடம், அந்த கேம முடிச்சவளே நான்தான்!"

மற்றொரு புருவத்தை நினைவுபடுத்தினேன். "இருங்க மேடம், இது எத்தினி வருஷமா உள்ள கெடக்குது தெரியுமா?" என்று எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அல்சூரில் அப்போது ஒரு வீடியோ கேம் கடை இருந்ததாம். பையன்கள்தான் போவார்கள். அமுதாவின் அண்ணன் கௌதமன் தினமும் போவார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தங்கையையும் இழுத்துக்கொண்டு போவார். கேமின் பெயர் ஏதோ வெளிநாட்டு எழுத்தில் இருந்ததால் எல்லோருக்கும் அது 'தபால்காரன்'தான். கௌதமன் மூன்றாம் கட்டத்துக் கொக்கியில் விழுந்து விழுந்து சலித்துப்போய், "நீ ஆடு" என்று விட்டுவிட்டு வெளியே நின்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மத்தியானம் யாரும் பார்க்காதபோது அமுதா கடைசிக் கட்டம்வரை போய் முடித்துவிட்டார். முதல் இடம். மூன்று எழுத்துப் பெயர் கேட்டது. A, M, U என்று போட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? மொத்த ஏரியாவும் வந்து பாத்துச்சு. 'கௌதமன் தங்கச்சி பேர போட்டிருக்கான் பாரு, எவ்ளோ பாசம்!'னு ஒரே பாராட்டு. எங்கண்ணன் வாயத் தொறக்கல. சாம்பியன்னும் பேரு, பாசக்கார அண்ணன்னும் பேரு. என் கல்யாணத்துல மைக்கப் புடிச்சி அந்தக் கதையச் சொல்லி எல்லாரையும் அழ வெச்சிட்டாரு மேடம். நான் மாலையோட பல்லக் கடிச்சினு நிக்கிறேன்!"

சிரித்ததில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "ஒரு தபா அவரு முன்னால ஆடிக் காட்டணும். அவ்ளோதான்" என்று சொன்ன குரலில் விளையாட்டு இல்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அரங்கத்தின் உரிமையாளர் நாகராஜ் காதுக்குப் போனது. அவருக்கு விளம்பரம் என்றால் உயிர். திறப்பு விழாவில் 'அல்சூரின் பழைய சாம்பியன் நேரில் ஆடிக் காட்டுகிறார்' என்று பேனர் அடித்துவிட்டார். அமுதா தெரு முழுக்க அழைத்தார்; வாடிக்கையாளர்களை அழைத்தார்; ஆனேக்கல்லில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணனை மட்டும் போனில் இப்படி அழைத்தார்: "ண்ணா, சனிக்கிழமை வந்துடு. உன் தங்கச்சி பேர யாரு போட்டாங்கன்னு பாக்கலாம்."

இனி நம் பக்கத்துக் கதை.

எமுலேட்டர்களில் சமீப காலத்தில் வந்த முன்னேற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தாமதத்தைக் குறைக்கும் வழி. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் தபால்காரர் குதிப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். பொத்தானிலிருந்து செய்தி கணினிக்குப் போக நேரம், மென்பொருளுக்கு நேரம், தட்டைத் திரைக்கு நேரம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இதைச் சமாளிக்க மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. கேமை ரகசியமாகச் சில படங்கள், அதாவது ஃபிரேம்கள், முன்னால் ஓட்டிப் பார்த்து, அந்த எதிர்காலப் படத்தை இப்போதே காட்டுகிறது. நீங்கள் வேறு பொத்தானை அழுத்திவிட்டால், சத்தமில்லாமல் திரும்பி வந்து மறுபடி ஓட்டிக்கொள்கிறது. ஒரு நொடியில் அறுபது படங்கள் ஓடும் வேகத்தில் இவ்வளவும் நடக்கிறது.

இதை நம் எமுலேட்டரில் கொண்டுவந்தவள் கவிதா. எங்கள் குழுவிலேயே வேகமான கை அவளுடையது. மாதக்கணக்கில் உழைத்தாள். அதோடு நில்லாமல் நல்ல திரை வாங்க வைத்தாள், பொத்தானிலிருந்து வரும் பாதையையும் சுருக்கினாள். வேகமாகப் படம்பிடிக்கும் கேமராவை வைத்து நாங்கள் ஒவ்வொரு வாரமும் தாமதத்தை அளந்தோம். எண் இறங்க இறங்கக் கைதட்டினோம். எங்கள் அலுவலகத்தில் ஆடிப் பார்த்த பையன்கள் எல்லோரும் "செம்ம ஸ்மூத் மேடம்" என்றார்கள். எனக்கும் திருப்தி.

வியாழக்கிழமை காலை அமுதாவைப் பயிற்சிக்கு அழைத்திருந்தோம். பார்லரைச் சாத்திவிட்டு ஆட்டோவில் வந்தார். முதல் கட்டம் சரளமாக முடிந்தது. இரண்டாவதில் கொஞ்சம் தடுமாறித் தப்பித்தார். மூன்றாவதில் கிரேன் வந்தது, கொக்கி ஆடியது, அமுதா குதித்தார். தபால்காரர் கொக்கிக்குக் கீழே போய் விழுந்தார். மறுபடி. மறுபடி. இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லா இடங்களிலும் அவர் கை பழக்கப்பட்ட கைதான் என்று தெளிவாகத் தெரிந்தது.

"ஜாய்ஸ்டிக்கு சரியில்ல மேடம்" என்றார்.

ஜாய்ஸ்டிக்கை மாற்றினோம். விழுந்தார். பொத்தானையும் மாற்றினோம். விழுந்தார்.

அமுதாவின் பேச்சு நின்றுவிட்டது. அவர் பேசாமல் நான் பார்த்தது அன்றுதான். "எல்லாரையும் கூப்ட்டுட்டேனே மேடம்" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் தேநீர் குடிக்கப் போனதும் நாகராஜ் என்னைத் தனியே அழைத்தார்.

"நோடி மேடம், இங்க பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க. வயசாயிடுச்சு அவங்களுக்கு. அந்தக் கை இப்ப எங்க வரும்?"

"அவங்களுக்கும் எனக்கும் ஒரே வயசு, நாகராஜ்."

"ஐயோ, நீங்க வேற மேடம்! நான் சொல்றது என்னன்னா, மூணாவது கட்டத்துல மட்டும் விழாத மாதிரி ஒண்ணு வெச்சுடலாம். கொக்கி கொஞ்சம் கிட்ட வந்து பிடிச்சுக்கட்டும். நீங்க நெனச்சா ரெண்டு நிமிஷ வேலை. அவங்களுக்கே தெரியாது. அவங்களும் குஷி, ஜனங்களும் குஷி."

உண்மையிலேயே அது இரண்டு நிமிட வேலைதான். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இப்படிப்பட்ட யோசனைகள் உங்களிடமும் வரும். பெரும்பாலும் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் வரும், எல்லோரும் களைத்திருக்கும்போது வரும். எனக்குச் சபலம் தட்டவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"அன்னைக்கு அவங்க ஆடினத அண்ணன் ஆடினார்னு சொன்னாங்க. நாளன்னிக்கு கம்ப்யூட்டர் ஆடினத இவங்க ஆடினாங்கன்னு நாம சொல்லவா? அவங்க நம்மகிட்ட கேக்கறது ஜெயிக்கறது இல்ல நாகராஜ். தான்தான் ஆடினேன்னு காட்டறது."

"அப்ப விழுந்துட்டா?"

"விழுந்தா விழட்டும். ஆனா ஏன் விழறாங்கன்னு எனக்கு முதல்ல தெரியணும்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு போனார்.

அமுதாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் ஆடிய ஆட்டங்களின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன: குதிக்கிறார், விழுகிறார். பிறகு வேகத்தைக் குறைத்து, அவர் மாடி விளிம்பில் எங்கே இருந்து குதிக்கிறார் என்பதை மட்டும் பார்த்தேன். எல்லாமே ஒரே இடம். விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு முறைகூடத் தாமதமாகக் குதிக்கவில்லை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வயதாகிவிட்டால் கை பிந்தும். ஜாய்ஸ்டிக் கெட்டாலும் பிந்தும். பதற்றம் என்றால் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். எப்போதும் ஒரே அளவுக்கு முந்துகிற கை, தவறுகிற கை இல்லை. அது ஏதோ ஒன்றைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறது.

கவிதாவைக் கூப்பிட்டேன். "பழைய போர்டுல தாமதம் எவ்வளவு?"

"ஒரிஜினல்லயா? அதுல ஏது மேடம் தாமதம்? ஒயர்ல நேரா போகுது, பிக்சர் ட்யூப் டிவில நேரா வருது."

"அளந்தோமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பழைய பெட்டியிலிருந்து கழற்றி எங்களிடம் வைத்திருந்த ஒரிஜினல் சர்க்யூட் போர்டு காட்டும் நிறங்களை அளந்திருந்தோம். ஒலியை அளந்திருந்தோம். சில்லுகளின் மேலோட்டைக் கரைத்து உள்ளே இருப்பதைப் படம்பிடித்தவர்களிடமிருந்து அந்தப் படங்களை வாங்கிச் சரிபார்த்திருந்தோம். தாமதத்தை மட்டும் அளக்கவில்லை. பழையது என்றால் தாமதமே இருக்காது என்று எங்கள் அத்தனை பேருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலை போர்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தோம். கனமான பழைய டிவி ஒன்றை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கேமராவை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, படத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம்.

பழைய பெட்டியில் தபால்காரர் உடனே குதிக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் ஒன்றும் நடக்காமல் இரண்டு படங்கள் போயின. மூன்றாவதில்தான் கால் எழும்பியது. ஒயரிலும் டிவியிலும் தாமதம் இல்லை என்பது சரிதான். தாமதம் கேமுக்குள்ளேயே இருந்தது. அதை எழுதியவர் அப்படித்தான் எழுதியிருந்தார். நம் எமுலேட்டர் எதிர்காலத்தை எட்டிப் பார்த்து, நம் தாமதத்தோடு சேர்த்து அந்த மனிதரின் தாமதத்தையும் வழித்துத் துடைத்திருந்தது. ஒரிஜினலைவிட வேகமான ஒன்றைச் செய்துவிட்டு, அதை ஒரிஜினல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் பையன்களுக்கு ஏன் தெரியவில்லை? அவர்கள் அந்தக் கேமைப் பழகியதே நம்முடையதில்தான். அமுதாவின் கைக்கு மட்டும்தான் பழையது தெரியும்; அந்த இரண்டு படங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே அழுத்தப் பழகிய கை அது.

கவிதா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "மேடம், இத்தன மாசம் ஒவ்வொரு படமா நான் புடுங்கிப் போட்டத, இப்போ நானே திரும்ப ஒட்ட வெக்கணுமா?"

"எல்லாத்தையும் இல்ல. நம்மளோடது போகட்டும். அவரோடது இருக்கட்டும்."

"யாரு அவரு?"

"கேம எழுதினவர்."

"அப்போ என் ஃபீச்சர தூக்கல இல்ல?" என்றாள்.

"தூக்கினா நம்ம தாமதம் திரும்ப வந்துடும். அப்புறம் அமுதா லேட்டா விழுவாங்க."

சிரித்துவிட்டாள். அவள் மாற்றியது ஒரே ஒரு எண்தான். மூன்று படங்கள் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒன்றாகக் குறைத்தாள்; நம் தாமதத்தை மட்டும் நீக்க அந்த ஒன்று போதும். மறுபடி அளந்தோம். பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒன்றாகக் குதித்தன.

அன்று மத்தியானம் அமுதா வந்தார். வரும்போதே முகம் வாடியிருந்தது. என்ன மாற்றினோம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. இதை நீங்கள் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சரிசெய்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுச் சோதித்தால், நம் மேல் உள்ள பிரியத்தில் ஆட்கள் சரியாக இருக்கிறது என்றே சொல்வார்கள். "சும்மா ஒரு தடவை ஆடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

முதல் கட்டத்தில் பேசவில்லை. இரண்டாவதில் என் வலது புருவம் சரியில்லை என்றார். மூன்றாவது தொடங்கும்போது, கல்யாணத்துக்கு முந்தின நாள் தானே முடி வெட்டிக்கொண்டு அழுதுகொண்டே வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரேன் வந்தது. "நான் சொல்றேன், 'அழாத கண்ணு, கொண்டை போட்டா தெரியாது'ன்னு…" தபால்காரர் கொக்கியைப் பிடித்தார், ஆடினார், அடுத்த மாடியில் இறங்கினார். "…அவங்கம்மா என்னா பண்றாங்க…"

கவிதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அமுதா நான்காம் கட்டத்துக்குப் போன பிறகுதான் தான் செய்ததைக் கவனித்தார்.

"ஏ! தாண்டிட்டேன்!" என்று கத்திவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்ததில் நான்காம் கட்டத்தில் விழுந்தார். அதைப் பற்றிக் கவலையே இல்லை. "ஜாய்ஸ்டிக்க மாத்திட்டீங்கதான? நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

கவிதா விளக்கப் போனாள். விளக்கினாள். அமுதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரிம்மா. ஜாய்ஸ்டிக்கும் இப்போ நல்லா இருக்கு" என்றார்.

சனிக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமில்லை. மர்பி டவுனிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கௌதமன் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் முன்வரிசையில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல களையான முகம். நாகராஜ் அவரிடம் போய், "சாம்பியன் தம்பியா சார் நீங்க?" என்று கேட்க, "அண்ணன்" என்று சொன்னவர், அந்தப் பழைய கதையைத் திருத்தவோ தொடரவோ இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டார்.

அமுதா ஆடினார். நான் திரையைவிடக் கௌதமனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் புன்னகையோடு இருந்தார். இரண்டாவதில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. மூன்றாவதில் கிரேன் வந்தபோது அவருடைய வலது கைவிரல் தன்னை அறியாமல் தொடையில் ஒரு தட்டு தட்டியது. அது பிந்திய தட்டு. அதற்குள் அமுதா கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் கட்டத்தில் இரண்டு உயிர் போனது. கடைசி உயிரோடு, கடைசிக் கட்டமான ஐந்தாவதில் நுழைந்தார். அரங்கமே மூச்சை அடக்கியது. கடைசிப் பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். திரை பெயர் கேட்டது. A. M. U.

அமுதா திரும்பினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

கௌதமனின் பெரிய மகன் கேட்டான்: "அப்பா, அப்போ அன்னைக்கும் அத்தைதானா?"

கௌதமன் தொண்டையைச் செருமினார். மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தங்கையைப் பார்த்தார். "ஆமாடா. உங்க அத்தைதான்" என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. உடனே, "ஆனா உள்ள கூட்டினு போனது யாரு? நான்தான!" என்று சேர்த்துக்கொண்டார்.

"அதுக்கு ஒரு பேனர் அடிக்கட்டுமா ண்ணா?" என்றார் அமுதா. குரல் உடைந்து, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

பிறகு எல்லோரும் வற்புறுத்தியதில் கௌதமனும் ஆடினார். மூன்றாம் கட்டம். கிரேன், கொக்கி. விழுந்தார். இன்னொரு முறை. விழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மேடம், இந்த ஜாய்ஸ்டிக்கு சரியில்ல."

திங்கட்கிழமை கவிதாவும் நானும் அதைக் கழற்றிப் பரிசோதித்தோம். ஒரு புகார் வந்தால், சொன்னவர் யாராக இருந்தாலும், சொன்ன விதம் எப்படி இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். இதற்கு முந்தைய புகாரில் நாங்கள் கற்றது அதுதான். அவர் விழுந்த ஆட்டங்களையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் தாமதமாகவே குதித்திருந்தார்.

ஜாய்ஸ்டிக் நன்றாக இருந்தது.